ஒரு சொம்பு உப்புத் தண்ணீர்

சந்திரமோகன் செத்துப்போய் இருபத்தைந்து நாள் கழித்துத்தான் அவன் வீட்டுக்குள் போனேன். காரியத்தன்றுகூட வாசலோடு நின்று, பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அவன் மனைவி ஸ்வர்ணலதாவிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அதைச் சொல்லத் தைரியம் வரும்வரை உள்ளே போகக் கூடாது என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். நியாயமாவது மண்ணாவது, வெறும் பயம்.

என் பெயர் அன்பழகன். படவேடு போகிற வழியில் இருக்கும் ஏரியில், மீன் குத்தகைக்காரரின் படகை ஓட்டுகிறேன். ஆரணியில் இருந்துகொண்டு படகு ஓட்டுகிறேன் என்றால், கடல் எப்போது வந்தது என்று கேட்டுச் சிரிப்பார்கள். மழை ஒழுங்காகப் பெய்தால் ஏரியில் ஆறேழு மாதம் தண்ணீர் நிற்கும். துடுப்புப் போட்டு மாளவில்லை என்று குத்தகைக்காரர் பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கி, அதில் பெட்ரோல் எஞ்சின் மாட்டிக் கொடுத்தார்.

சந்திரமோகன் பட்டு நெய்கிறவன். ஆறாம் வகுப்பிலிருந்து எனக்கு ஒரே பெஞ்சு. அமாவாசையன்று அவர்கள் தறியில் உட்கார மாட்டார்கள். அன்று மீன் வாங்கவும் ஆள் வராது. ஆக, மாதத்தில் அந்த ஒரு நாள் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல விடுமுறை. வண்டியை எடுத்துக்கொண்டு ஏரிக்கு வந்துவிடுவான். நடு ஏரி வரைக்கும் போய் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்போம். மீன் நாற்றத்தில் உட்கார்ந்து விரதம் இருக்கிறவன் உலகத்திலேயே நான் ஒருத்தன்தான் என்பான். அந்த ஒரு நாளுக்காகத்தான் அவன் மாதம் முழுக்கத் தறிக்குழியில் கால் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக நான் கிண்டல் செய்வேன்.

ஐப்பசி அமாவாசைக்கு முந்தைய வாரம் விடாத மழை. டேங்க் மூடி சரியாக உட்காராமல் பெட்ரோலில் தண்ணீர் கலந்துவிட்டது. எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. டேங்கை முழுசாகக் காலி செய்து, துடைத்து, புதுப் பெட்ரோல் ஊற்றினால்தான் ஓடும்.

டேங்கிலிருந்து பெட்ரோல் எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. எஞ்சின் மாட்ட வந்த மெக்கானிக் அதை என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போனார். படகைக் கரையில் ஏற்றிவிட்டு, கேனைத் தாழ்வாகத் தரையில் வைக்க வேண்டும். படகுக்குள் வைத்துப் பிடிக்கக் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், படகின் அடியில் போய்த் தேங்கும், அப்புறம் ஒரு பொறி போதும். குடிதண்ணீர் கேனில் பிடிக்கக் கூடாது, கழுத்து வரைக்கும் நிரப்பக் கூடாது, நிழலில் வைக்க வேண்டும். இத்தனையும் மறந்தாலும் ஒன்றை மறக்காதே, ட்யூபில் வாய் மட்டும் வைக்காதே என்றார். அதற்காகவே நடுவில் ரப்பர் உருண்டை வைத்த கை பம்பு ஒன்று கொடுத்திருந்தார். நாலு தடவை அமுக்கினால் பெட்ரோல் தானாக இறங்கும்.

அந்த ரப்பர் உருண்டை கிழிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. வேலூரில் கிடைக்கும். அதற்கு முந்தின வாரம்தான் வேலூருக்குப் போயிருந்தேன். என் மனைவி கனிமொழிக்குக் கண்ணாடி மாற்றினேன், பிரியாணி தின்றேன், பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்தேன். கண்ணமங்கலம் தாண்டும்போது பம்பு ஞாபகம் வந்தது. சரி, அடுத்த முறை என்று தூங்கிவிட்டேன்.

அமாவாசையன்று ஏரிக்கு வந்த சந்திரமோகனிடம் இதைச் சொல்லி, இந்த அமாவாசைக்குப் படகு இல்லை, வா டீ குடிக்கலாம் என்று கூப்பிட்டேன். அவன் முகம் விழுந்துவிட்டது. பிறகு ட்யூபைப் பார்த்துச் சிரித்தான்.

"நாளெல்லாம் வாயால உறிஞ்சிகினு இருக்கறவன் நானு. இத்தப் போயி பெருசா பேசற. குடு இப்டி."

அவன் சொன்னது பொய்யில்லை. நெய்யும்போது இழையைக் குறுக்கே கொண்டுபோகிற நாடாவில், நூல் சுற்றிய தார் தீர்ந்துபோனால் புதுத் தார் போட வேண்டும். அதன் இழையை நாடாவின் பக்கத்தில் இருக்கும் சின்னக் கண் வழியாக வெளியே எடுக்க, அந்தக் கண்ணில் வாய் வைத்து ஓர் உறிஞ்சு உறிஞ்சுவார்கள். ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை செய்கிற வேலை. மற்றவர்களுக்கு இழை நாக்கு வரைக்கும் வந்து ஒட்டும். சந்திரமோகனுக்கு உதட்டிலேயே நிற்கும். அதில் அவனுக்கு ஒரு கர்வம் உண்டு.

நான் ட்யூபைக் கொடுத்தேன். அவனே பிடுங்கிக்கொண்டான் என்று கொஞ்ச நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். இல்லை, நான்தான் கொடுத்தேன்.

பட்டிழை மாதிரி வரவில்லை பெட்ரோல். முதலில் வராமல் இருந்தது. அவன் இன்னும் மூச்சைக் கூட்டி இழுத்தான். அது ஒரேயடியாக வந்து வாய் நிறைந்து தொண்டைக்குள் போய்விட்டது. ட்யூபைக் கேனுக்குள் விட்டுவிட்டுக் குனிந்து இருமினான். கண்ணில் தண்ணீர் கொட்ட, இறங்கிக்கொண்டிருந்த பெட்ரோலைக் காட்டி, பார்த்தாயா என்கிற மாதிரி தலையை ஆட்டினான்.

 எங்கள் ஊரில் யாராவது பூச்சி மருந்தைக் குடித்துவிட்டால் முதலில் செய்வது உப்புத் தண்ணீரைக் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்க வைப்பதுதான். சின்ன வயசிலிருந்து அதைப் பார்த்திருக்கிறேன். கரையில் இருந்த கொட்டகையில் மீனுக்குப் போடும் கல்லுப்பு மூட்டை இருந்தது. ஒரு சொம்பு நிறையக் கரைத்தேன். அவன் வேண்டாம் என்றான், கொஞ்சம்தான் போயிற்று, தானாகச் சரியாகிவிடும் என்றான். நான் விடவில்லை. பிடரியைப் பிடித்துக் குடிக்க வைத்து, தொண்டையில் விரலும் விட்டேன். மூன்று முறை எடுத்தான். வாந்தியும் இருமலும் ஒன்றாகக் கலந்து வந்தன. எல்லாம் வெளியே வந்துவிட்டது என்று நான் அவன் முதுகைத் தட்டினேன். அப்போது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? 

வாந்தி எடுத்ததை வீட்டில் சொல்லாதே, உங்கள் அம்மா நம் இரண்டு பேரையும் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தான்.

சாயங்காலமே காய்ச்சல். பொழுது இறங்கியதும் மூச்சு வாங்கியிருக்கிறது. வேலூருக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் காலையில் நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, வெளியே பெஞ்சில் அவன் அம்மா ஜெயம் உட்கார்ந்திருந்தார். ஸ்வர்ணலதா டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தாள். நான் மூன்றடி பின்னால் போய் நின்றேன்.

பெட்ரோல் வயிற்றில் கிடந்திருந்தால் இவ்வளவு கெடுதல் இல்லை என்றார் டாக்டர். வாந்தி எடுக்கும்போதுதான் அது மேலே ஏறி நுரையீரலுக்குள் போயிருக்க வேண்டும், இரண்டு பக்கமும் வெந்துபோன மாதிரி இருக்கிறது என்றார். யார் வாந்தி எடுக்க வைத்தது என்று கேட்டார்.

 ஸ்வர்ணலதா ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நான்தாங்க. உப்புத் தண்ணி கரைச்சிக் குடுத்தேன்."

வீட்டிலும் கொடுத்திருக்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன். அப்படியானால் என் சொம்பு மட்டும் காரணம் இல்லை என்று, அந்த இடத்தில் நின்றுகொண்டு கணக்குப் போட்டேன். நானும் கொடுத்தேன் என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. சொல்லவில்லை. பெஞ்சில் இருந்த ஜெயம் அம்மா மருமகளை ஒரு பார்வை பார்த்தார். ஐந்தாம் நாள் சந்திரமோகன் போய்விட்டான்.

அதற்குப் பிறகு நான் படகைத் தொடவில்லை. உடம்பு சரியில்லை என்று குத்தகைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கார்த்திகை அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு கனிமொழி சந்திரமோகன் வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். வந்தவள் செருப்பைக் கழற்றாமலே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். ஜெயம் அம்மா மருமகளோடு பேசுவதில்லையாம். உப்பைக் கரைத்துக் கொடுத்து என் பிள்ளையைக் கொன்ற கை, அந்தக் கை போட்ட உப்பு எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து அந்த வீட்டில் எதிலும் உப்பு இல்லை. தனியாகப் போட்டுக்கொள்ளலாமே என்று கனிமொழி கேட்டதற்கு, அத்தைக்கு இல்லாதது எனக்கு மட்டும் எதற்கு என்றாளாம் ஸ்வர்ணலதா.

"நம்மளா இருந்தாலும் அதான செஞ்சிருப்போம்" என்றாள் கனிமொழி. "அவளுக்கு இன்னா தெரியும், பாவம்."

அன்று ராத்திரி தட்டில் கை வைத்தேன். முதல் கவளத்திலேயே உப்பு தெரிந்தது. எழுந்துவிட்டேன்.

அமாவாசையன்று காலையில் போனேன். தறியில் பாதி நெய்த சேலை துணி போட்டு மூடியிருந்தது. சந்திரமோகன் படத்துக்கு முன்னால் இலை போட்டுச் சோறும் குழம்பும் படைத்திருந்தார்கள். அதிலும் உப்பு இருக்காது என்று நினைத்துக்கொண்டேன். ஸ்வர்ணலதா பாயைப் போட்டாள். நான் உட்காராமல், ஏரியில் நடந்த எல்லாவற்றையும் சொன்னேன். கிழிந்த பம்பிலிருந்து ஆரம்பித்து, சொம்பு, விரல், வீட்டில் சொல்லாதே என்றது வரைக்கும் சொன்னேன். டாக்டர் கேட்டபோது வாயை மூடிக்கொண்டு நின்றதையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. "தெரியும்ணா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"அன்னிக்கி சாயங்காலமே அவரு சொல்லிட்டாரு. நான் மோரு மட்டும்தான் குடுத்தேன். ஆஸ்பத்திரில மூச்சுக்கு வாயில கொழா வெக்கறதுக்கு முன்னாடி என் கையப் புடிச்சிகினு, அன்பு குடுத்தான்னு யார்கிட்டயும் சொல்லாத, அவன் பயந்தவன், தாங்க மாட்டான்னாரு. டாக்டர் கேட்டப்ப நீங்க பின்னாடி நின்னுகினு இருந்தீங்க. நீங்களே சொல்லுவீங்கன்னு திரும்பிப் பாத்தேன். சொல்லல. அப்புறம்தான் நான் சொன்னேன்."

அவள் கொடுக்கவே இல்லை. என் சொம்பு ஒன்றுதான். அவன் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தபோதும் என்னைக் காப்பாற்ற வழி பார்த்திருக்கிறான். இவள் அந்த வார்த்தைக்காக முப்பது நாள் பழியைச் சுமந்திருக்கிறாள். நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். வெட்கம் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மன்னிச்சுடும்மா என்றேன். அந்த வார்த்தையை அவள் காதில் வாங்கிக்கொண்ட மாதிரியே தெரியவில்லை.

"அவரு கேட்டத நான் செஞ்சிட்டேன். எங்கிட்ட வந்து சொல்லி இன்னாண்ணா ஆவப்போவுது? அத்தை உள்ள இருக்காங்க."

உள் அறையில் ஜெயம் அம்மா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பள்ளிக்கூட நாட்களில் சந்திரமோகனிடம் இரண்டு டிபன் டப்பா கட்டிக் கொடுத்து அனுப்பியவர். ஒன்று எனக்கு. கட்டில் காலருகே தரையில் உட்கார்ந்தேன்.

"அம்மா, நான் அன்பு. அவனுக்கு உப்புத் தண்ணி குடுத்தது நானு. ஸ்வர்ணா குடுக்கல."

மிச்சத்தையும் சொன்னேன். பாதியில் அவர் திரும்பினார். கண்ணைக் கொட்டாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அடித்தால் தேவலை என்றும் இருந்தது. கை அசையவில்லை.  நான் சொல்லி முடித்த பிறகு கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். என்னைத் தாண்டி வாசல் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார்.

"ஸ்வர்ணா."

ஒரு மாதத்துக்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்கிறார். அவள் வந்து நிலைப்படியில் நின்றாள்.

"அவன் எலையில இருக்கறத எடுத்துட்டு, உப்பு போட்டு வேற வையிம்மா. அப்புறமா நம்ப ரெண்டு பேரும் சாப்புடலாம்."

ஸ்வர்ணலதா சமையலறைக்குப் போனாள். டப்பா திறக்கிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் அவள் அழுகிற சத்தம் கேட்டது. என்னை யாரும் போ என்று சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை.