புளியமரம் விழுங்கிய ஆணி

பாடாலூர் பக்கத்தில் ரோட்டை அகலமாக்க வெட்டிய புளியமரத்தை விறகுக்காரர்கள் துண்டு போட்டு ஏற்றிக்கொண்டு போனார்கள். அடிமரத்தில் குடம்போலப் புடைத்திருந்த முண்டுக்கட்டையை மட்டும் யாரும் தொடவில்லை. பேயோட்டி ஆணி அடிக்கிற மரமாயிற்றே. கடைசல் பட்டறை வைத்திருக்கும் செல்லக்கண்ணுதான் அதை வண்டியில் போட்டுக்கொண்டு வந்தான். முண்டு மரத்தில் கடைந்த கிண்ணம் வேண்டுமென்று திருச்சிக்காரர் ஒருவர் கேட்டிருந்தார். ஆசை யாரை விட்டது?

வெளியே தெரிந்த ஆணிகளைப் பிடுங்கிவிட்டுத்தான் மெஷினில் மாட்டினான். பிடுங்கும்போதே கை கூசியது. இருபது வருஷத்துக்கு முன் அவன் மனைவி வீரம்மாள் தலைவிரித்து ஆடியபோது, பூசாரி அவள் உச்சிமுடியை இந்த மரத்தில் வைத்துத்தான் ஆணி அடித்தார். அன்றோடு ஆட்டம் நின்றது. போன பேயை நாமே வீட்டுக்குக் கூட்டிவருகிறோமோ என்று அவனுக்கு உள்ளூரப் பயம். எந்த மரம் என்று அவளிடம் மூச்சுவிடவில்லை.

முண்டு மரம் லேசில் மசியாது. ரேகை நேராக ஓடினால்தானே உளி சொன்ன பேச்சைக் கேட்கும்? மூன்று நாள் இடுப்பு ஒடிய நின்று வெளிப்புறத்தைக் கடைந்தான். உள்ளே குடையும்போது உளி ‘ணங்’கென்று தெறித்தது. மெஷினை நிறுத்திப் பார்த்தால், மரம் விழுங்கிய ஆணி. அதில் சுற்றிக்கொண்டு நாலைந்து முடி.

நடவுக்குப் போய்விட்டு வந்து உலை வைத்துக்கொண்டிருந்த வீரம்மாள், சத்தம் கேட்டு வந்து குனிந்து பார்த்தாள். செல்லக்கண்ணு ஆணியைக் கையால் மறைத்தான்.

“உள்ள போ புள்ள. பாக்காத.”

“அந்த மரமா?”

“புத்திகெட்டுப் போயி தூக்கியாந்துட்டேன். பூசாரிய வரச்சொல்லி...”

“அவரு எதுக்கு? பேயும் இல்ல, பிசாசும் இல்லீங்க.” அவள் அங்கே கிடந்த கட்டையில் உட்கார்ந்தாள். “கைப்புள்ளய வச்சுக்கிட்டு உங்க வூட்டுல பதினோரு பேருக்கு ஆக்கிக் கொட்டுனேன். கண்ணசர வுடல. ஆடுனேன். அப்பத்தான் நாலு நாளு படுக்க வுட்டீங்க.”

அவனுக்குக் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. ஆணி அடிக்கையில் அவள் தலையை மரத்தோடு அமுக்கிப் பிடித்திருந்தது அவன்தான்.

“முடியலன்னு எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னேனே. நீங்கதான் பேய் பேசுதுன்னீங்க” என்றாள் வீரம்மாள். முழங்காலைப் பிடித்து எழுந்து, உலையைப் பார்க்கப் போனாள்.