ஸர்னூக் மலையின் உயரம்

இர்பித் நகரில் ஒரு பெண்கள் பள்ளியில் புவியியல் ஆசிரியை ருதைனா. அந்த வாரம் அவளுடைய கணினி சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அவள் மவுஸைத் தொடாதபோதே அம்புக்குறி திரையில் உலாவியது. சி.டி. தட்டு நாக்கை நீட்டுவதுபோல வெளியே வந்து போனது. மூன்றாம் நாள் திரையில் எழுத்துகள் தானாக விழுந்தன: ‘மிஸ், ரொம்ப நேரமா கொட்டாவி விடுறீங்க.’

துணைத் தலைமையாசிரியை ஹைஃபா சாம்பிராணியோடு வந்தார். “ஜின் பேய் புகுந்திருக்கு. நான் சொன்னா நீ எங்க கேக்குற?”

“ஜின்னுக்கு நான் மிஸ்ஸா?” என்றாள் ருதைனா.

இணைய வயரைப் பிடுங்கிப் பார்த்தாள். அம்புக்குறி அடங்கியது. செருகினாள், மறுபடி ஆட்டம். அப்போதுதான் நினைவு வந்தது. பத்தாம் வகுப்பின் அஜ்லூன் சுற்றுலாப் படங்கள் ஒரு பென்டிரைவில் வந்தன. அதில் ஒரு படம் எத்தனை முறை சொடுக்கியும் திறக்கவில்லை. படமாக வேஷம் போட்ட அந்த நிரல் உள்ளே குடியேறி, கணினியை வேறொருத்தி கையில் கொடுத்திருக்கிறது. ஆனால் பென்டிரைவ் வகுப்பு முழுக்கச் சுற்றி வந்தது. யார் அந்த ஒருத்தி?

ருதைனா இந்த முறை வயரைப் பிடுங்கவில்லை. ‘பத்தாம் வகுப்பு இறுதித் தேர்வு’ என்று நிதானமாகத் தட்டினாள். முதல் கேள்வி: ஸர்னூக் மலையின் உயரம் என்ன? விடை: 2,316 மீட்டர். அப்படியொரு மலை உலகத்தில் இல்லை. தாளைத் திரையில் விரித்துப் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனாள்.

தேர்வன்று வேறு தாளைக் கொடுத்தாள். பத்து நிமிடத்தில் தஸ்னீம் என்ற மாணவி கையை உயர்த்தினாள்.

“மிஸ், ஒரு கேள்வி விட்டுப்போன மாதிரி இருக்கே.”

“எதப் பத்தி?”

“மலை…” தஸ்னீமின் வாய் பாதியில் நின்றது. காது சிவந்தது.

“எழுதி முடிச்சுட்டு என் ரூமுக்கு வா.”

அழுதுகொண்டே வந்தவளைக் கணினி முன்னால் உட்கார வைத்தாள் ருதைனா. “நீ வெச்சத நீயே எடு. எடுத்துட்டா தலைமையாசிரியைகிட்ட சொல்ல மாட்டேன்.”

கொஞ்ச நேரத்தில் தஸ்னீம் மூக்கை உறிஞ்சியபடி திரும்பினாள். “மிஸ், இன்னொண்ணு இருக்கு. இது என்னோடது இல்ல. எனக்கு முன்னாடியே வந்திருக்கு.”

“எது வழியா?”

“மக்லூபா சோறு செய்முறைன்னு ஒரு ஃபைல். ஹைஃபா மிஸ் எல்லாருக்கும் அனுப்பியிருக்காங்க.”

பள்ளியில் பதினேழு கணினிகள். ஒரு வாரம் இடைவேளைகளில் தஸ்னீம் ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்தாள். ருதைனா பக்கத்தில் உட்கார்ந்து ஃபலாஃபெல் வடை ஊட்டாத குறைதான். கடைசியாக ஹைஃபாவின் அறை. விஷயத்தைக் கேட்டு அவர் முகம் சுருங்கியது.

“ஆனா மக்லூபா நல்லாத்தான் வந்துச்சு” என்றார்.