கோவிந்தாபுரத்தில் நின்ற கார்

கோவிந்தாபுரம் தாண்டியதும் அம்பாசிடர் மறுபடியும் நின்றுபோனது. மொய்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். பின்சீட்டில் முதலாளி அப்புசாமியின் மனைவி நாச்சம்மாள். பொள்ளாச்சியில் அவளுடைய தங்கை பழனாத்தாள் விடிகாலையில் இறந்திருந்தாள். உச்சிக்குள் எடுத்துவிடுவார்கள் என்று சேதி.

"இன்னுமா சரியாகுல மொய்து?"

"பாக்கறனுங்கம்மா."

பானெட்டைத் திறந்தான். பெட்ரோல் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. டிஸ்ட்ரிபியூட்டரின் நடு வயரை உருவி எஞ்சின் இரும்புக்குப் பக்கத்தில் பிடித்தான். நாச்சம்மாள் முன்சீட்டுக்கு வந்து, அவன் சொன்ன ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தாள். எஞ்சின் சுற்றியது, வயர் நுனியில் பொறி வரவில்லை.

காயிலைப் போன வாரம்தான் மாற்றினான். மிச்சம், பழைய பாயிண்ட்டுக்குப் பதிலாகப் பொறி உண்டாக்க மாட்டிய எலெக்ட்ரானிக் இக்னிஷன் பெட்டிதான். சிங்கப்பூரிலிருந்து முதலாளியின் மச்சான் அனுப்பியது. தொட்டான், சுட்டது. துண்டை நனைத்து அதன்மேல் போட்டுக் காத்திருந்தான். மறுபடி குமிழை இழுக்கச் சொன்னபோது நீலப் பொறி சடசடவென்று பாய்ந்தது.

"பொட்டி சூடானா செத்துப்போகுதுங்க. ஆறுனா உசுரு வருது. இப்பிடியே நின்னு நின்னுதான் போகோணும்."

"கழட்டீட்டு ஓட்ட முடியாதா?"

"பழைய பாயிண்ட்டுல ஓடுமுங்க. வேண்டிய சாமானும் டிக்கில கெடக்குது. ஆனா பொட்டில கை வெக்கப்படாதுன்னு மொதலாளி சொல்லீருக்காருங்க."

"செத்தது எந்தங்கச்சி. கழட்டு. நாம் பேசிக்கறேன்."

வேர்வை கண்ணில் இறங்க இறங்க வயர்களை மாற்றிக் கட்டினான். அதன்பிறகு கார் எங்கும் நிற்கவில்லை.

போய்ச் சேர்ந்தபோது வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். "இப்பத்தான் எடுத்தாங்க" என்றாள் ஒருத்தி. மொய்து யாரையும் கேட்காமல் வண்டியைத் திருப்பினான். சுடுகாட்டு வழியில் பாடையை முந்திப்போய், காரைக் குறுக்கே நிறுத்தினான். நாச்சம்மாள் இறங்கிப் பாடைக்கு முன்னால் போய் நின்றாள்.

"பொம்பளைங்க இங்க வரப்படாது" என்றார் ஒரு பெரியவர். நாச்சம்மாள் நகரவில்லை. தூக்கிவந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுப் பாடையை இறக்கினார்கள். அவள் குனிந்து தங்கையின் கன்னத்தைத் தொட்டாள்.

"வர நேரமாயிருச்சு சாமி" என்றாள் தங்கையிடம்.

பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்கு வந்தார்கள். கழற்றிய பெட்டியைப் பார்த்ததும் அப்புசாமிக்கு முகம் சிவந்தது. "யாரக் கேட்டுக் கழட்டுனே?"

"நாந்தானுங்க சொன்னேன்" என்றாள் நாச்சம்மாள், கிணற்றடிக்கு நடந்தபடியே.

அவரும் அவள் பின்னாலேயே போனார். பிறகு, "மொகத்தப் பாத்தியா?" என்றார்.

"பாத்தேனுங்க."

அப்புசாமி கிணற்றில் வாளியை இறக்கி, அவள் தலைக்கு ஊற்றத் தானே தண்ணீர் சேந்த ஆரம்பித்தார்.