செயவேலு கற்ற ஆங்கிலம்

முடிச்சூர்ப் பக்கத்து வயல்வெளிகளின்மேல் கதிரவன் உருக்கிய செம்பொன்னெனச் சரிந்திறங்க, நகரின் வெம்மையையெல்லாம் சுமந்து வந்த தொடர்வண்டிகள் தாம்பரத்து நிலையத்தில் மாந்தரைத் தவிட்டுமூட்டை அவிழ்ந்தாற்போல் கொட்டிச்செல்ல, பெருஞ்சாலையில் பேருந்துகள் உறுமி ஒன்றையொன்று முந்த, புழுதியும் மல்லிகை மணமும் ஒருங்கே எழும் அந்திவேளையில், இரும்புலியூரில் அரிசிக்கடையொன்றின் மாடியில் கூடியிருந்தாரைக் கற்றறிந்த நீவிர் கண்டிருப்பின், முதலில் நகைத்திருப்பீர், பின்னரே இரங்கியிருப்பீர். எண்பதுகளின் இறுதியாண்டுகளில், ஆங்கிலமும் மேனாட்டுப் பழக்கமும் வளர்ந்தோர்க்குப் பயிற்றிய மாலை வகுப்பு அது. நரைகண்ட தலைகள் ஆசிரியர் ஞானையாவின் கைக்கோலுக்கேற்ப அசைந்து, அயல்மொழித் தொடர்களை ஒரே குரலில் ஓதிக்கொண்டிருந்தன.

முன்வரிசையில், கழுத்தை இறுக்கும் சட்டையணிந்து, மூச்சுத் திணறியும் முகம் மலர்ந்து அமர்ந்திருந்தவன் செயவேலு. செம்பாக்கத்து ஏரிநீர் பாய்ந்த தன் நிலங்களை மனைகளாக்கி விற்றவன். நிலத்தை விற்ற கையோடு அந்நிலத்தில் பிறந்த பேச்சையும் விற்றுவிடத் துடித்தவன். இட்டலியைக் கத்தியால் அறுத்து முட்கரண்டியால் குத்தித் தின்னும் வித்தையை அருந்தவம்போல் பயின்ற அவன், மனைவி கங்கையம்மாள் வாய்திறந்தால் சேறு மணக்கிறதென்று மூக்கைச் சுளித்தான். அச்சேறு விளைத்த நெல்லிலேதான் தன் உடல் வளர்ந்தது என்பது அவன் நினைவுக்கு எட்டவேயில்லை.

இந்நிலையில், வங்கி மேலாளர் தசரதனின் மகனுக்குச் செயவேலுவின் மகளைப் பெண்கேட்டு வந்தனர். வருமுன்னரே மனைவியை அடுக்களையில் நிறுத்தி, "அவங்க எதிர்ல வாயத் தொறக்காத. வூடு, கீதுன்னு பேசி என் மானத்த வாங்கிடாத" என்றான்.

"நான் இன்னா பேசப்போறேன்? எம் பொண்ணு நல்லா இருந்தா போதும்" என்றாள் அவள்.

விருந்தினர் தமிழில் வினவ, செயவேலு மனப்பாடத் தொடர்களையே விடையாக அள்ளி வீசினான். வினாவுக்கும் விடைக்கும் காதத் தொலைவு இருந்தது. பொறுத்துப் பொறுத்துச் சலித்த தசரதனின் மனைவி, "உங்க வீட்டம்மாவோட ரெண்டு வார்த்தை பேசிட்டு வரேன்" என்றெழுந்து அடுக்களையை நோக்கி நடக்கவே, அவன் நா நாணமின்றிப் புரண்டது.

"அவளுக்குப் பேச்சு வராதுங்க. பொறவியிலேர்ந்தே ஊமை."

உள்ளிருந்து, ஏந்திய தட்டு சிறிதும் அசையாமல் கங்கையம்மாள் வெளிவந்தாள்.

"காப்பி ஆறிப்போவுது, எடுத்துக்கங்கம்மா. எம் பொண்ணுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அத நாந்தான் சொல்லிக் குடுத்தேன்."

தசரதன் குவளையை வாங்கி, அவள் பொருட்டு ஒரு மிடறு பருகி, எழுந்து கைகூப்பினார். பின்னர்ச் செயவேலுவை நோக்கி, ஆங்கிலத்தில் ஒரே ஒரு தொடரை மெல்லக் கூறினார். அவனோ அகமகிழ்ந்து, "தேங்க் யூ, சார்" என்று குனிந்து வழியனுப்பினான்.

மறுநாள் மாலை, ஒலி சிதைந்தேனும் நினைவில் வைத்திருந்த அத்தொடரை வகுப்பில் பெருமையோடு ஒப்பித்துப் பொருள் கேட்டான். ஞானையா கைக்கோலைத் தாழ்த்தினார்.

"'கட்டிய மனைவியை ஊமையென்ற வாயோடு எங்களுக்கு உறவு வேண்டாம்' என்பது அதன் பொருள். நீர் என்ன விடை சொன்னீர்?"

அவன் எதைச் சொல்லியிருப்பான் என்பதை, அதனை நாள்தோறும் அவனோடு ஓதிய அனைவரும் அறிந்திருந்தமையால், ஒருவரும் நிமிர்ந்து நோக்கவில்லை.

அவன் வீடடைந்தபோது உள்ளே தாயும் மகளும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தனர். காலடி கேட்டதும் பேச்சு நின்றது. பொறுத்தருள்க என்பதற்குரிய சொல்லை இரு மொழியிலும் அறிந்திருந்தான். எனினும் வாயிற்படியைக் கடவாமல் நெடுநேரம் நின்றான். நிலத்தை விற்றவன் வேறு நிலம் வாங்கலாம். தன்னோடு மனமுவந்து பேசும் ஓருயிரை இழந்தவனுக்கோ, ஆயிரம் மொழி கைவரினும் அவை யாவும் ஆளில்லா வீட்டில் அடித்த முரசே.