பச்சை உடம்புக்குக் காற்று ஆகாது

என் வீட்டுக்காரர் பொன்னுச்சாமிக்கு ஊருக்குள் ஒரு பெருமை உண்டு. எங்கள் வீட்டுக்குக் கரண்டு பில் வந்ததே கிடையாது. இரண்டு மாதத்துக்கு அரசாங்கம் தரும் இலவச நூறு யூனிட்டுக்குள்ளேயே குடும்பத்தை ஓட்டிவிடுவார். நான் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போதே அடுப்படி விளக்கை அணைத்துவிட்டுப் போவார். கேட்டால், "இத்தன வருசம் வடிச்சவளுக்குப் பானை தெரியாதாக்கும்" என்பார். வாய்க்கு மட்டும் குறைச்சலில்லை.

சித்திரையில் மகள் சுவாதி தலைப்பிரசவத்துக்கு வந்தாள். பெண் குழந்தை. திருச்சுழிப் பக்கத்து வெயிலில் உச்சிப்பொழுதுக்குச் சுவரைத் தொட்டாலே சுடும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அவள் அறை ஃபேனை நிறுத்தினார்.

"பச்ச உடம்புக்குக் காத்து ஆகாது ஆத்தா. சன்னி கண்டுரும்."

நான் பிள்ளை பெற்றுக் கிடந்தபோது எட்டிப் பார்க்காத மனுசன் இப்போது பத்தியம் பேசுகிறார். வயதானால் பாசம் வரும்போல என்று நினைத்துக்கொண்டேன். குழந்தைக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. சுவாதி ராவும் பகலும் விசிறிக்கொண்டே இருந்தாள். ஆனாலும் மாமியாரிடம் போனில், "எங்கப்பா என்னையக் கண்ணுல வச்சுப் பாத்துக்கிறாக அத்தை" என்றுதான் சொன்னாள்.

வைகாசிக் கடைசியில் மீட்டர் பார்க்கிறவர் வந்தார். நூறைத் தாண்டவில்லை என்றார். என் வீட்டுக்காரருக்கு முகமெல்லாம் பல்.

"பேறுகாலத்துக்கு மக வந்திருந்தும் தாண்ட விட்டனா பாருங்க. பச்ச உடம்புன்னு ஒரு வார்த்தையச் சொன்னேன், ரெண்டு பொம்பளையும் ஃபேனுப் பக்கமே போகல."

கட்டிலில் சுவாதி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். விசிறிய கை அப்படியே நின்றது. அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. புருசனுக்குப் போன் போட்டாள்.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை மருதுபாண்டி காரியாபட்டியிலிருந்து காரோடு வந்துவிட்டார். என் வீட்டுக்காரர் பதறிப்போனார்.

"ரெண்டாம் மாசத்துல பிள்ளைய அனுப்புவாகளா? ஊரு என்ன பேசும்? அஞ்சாம் மாசம் சீரோட அனுப்புறேன், இரு ஆத்தா."

சுவாதி துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே இருந்தாள். பிள்ளையை என்னிடம் நீட்டித் திருநீறு பூசச் சொன்னாள். பக்கத்தில் நின்ற அப்பனிடம் நீட்டவில்லை. பேத்தி நெற்றியில் பூசத் திருநீறு தொட்டு வைத்திருந்த விரலை அவர் வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளைக்கு விசயம் தெரியாது. மரியாதைக்குச் சொன்னார். "மனச்சடவு எதுவும் வேண்டாம் மாமா. ஆடிக்குக் கொண்டாந்து விடுறேன்."

சுவாதி முந்திக்கொண்டாள். "வேண்டாங்க. நாம வந்தா அப்பாவுக்குச் செலவு."

கார் போய்விட்டது. புழுதி அடங்கும்வரை நின்றவர் என் பக்கம் திரும்பினார்.

"என்ன சொல்லிட்டுப் போறா அவ?"

"ஒங்களுக்குப் புரியிற பாசையிலதான் சொல்லிட்டுப் போறா" என்றேன்.