இரண்டு முறை மருந்து போட்ட கிணறு

டவுன் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே நர்ஸ் அற்புதம்மாளுக்குப் பிளீச்சிங் பவுடர் வாடை அடித்தது. கிணற்றுக்கு மருந்து போட்டுவிட்டார்கள். மாதாவுக்கு நன்றி சொல்லி நெஞ்சில் சிலுவை வரைந்துகொண்டாள். தெருமுனை திரும்பியதும் அந்த நிம்மதி போய்விட்டது. கிணற்றடியில் ஒருவருமில்லை. பெண்கள் எல்லாரும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள்.

"எங்கம்மா போறீங்க? கிணத்துல மருந்து போட்டாச்சே."

"போட்டாங்க நர்சம்மா, நல்லா போட்டாங்க" என்றாள் ரெங்கம்மாள். "சோறு வடிச்சா சோறே நாறுது. எம்புள்ள வாயில வச்சுட்டுத் துப்புறான். நீங்க வேணா ஒரு மடக்கு குடிச்சுப் பாருங்க."

அற்புதம்மாள் வாளியை இறக்கி ஒரு கை அள்ளினாள். உதட்டருகே கொண்டுபோவதற்குள் கண் எரிந்தது. இதைக் குடிக்க முடியாது.

தோப்புப்பட்டி எடமலைப்பட்டி புதூரைத் தாண்டி இருக்கும் சின்னக் குடியிருப்பு. நகராட்சியின் கடைசித் தெருவும் பஞ்சாயத்தின் முதல் தெருவும் அந்தக் கிணற்றடியில்தான் முட்டிக்கொண்டன. குழாய் இன்னும் வரவில்லை. இரண்டு தெருவுக்கும் அந்தக் கிணறுதான் குடிதண்ணீர். அவர்கள் போடுவார்கள் என்று இவர்களும், இவர்கள் போடுவார்கள் என்று அவர்களும் இருந்ததில் கிணறு மருந்தையே கண்டதில்லை. எழுபத்தேழாம் ஆண்டு வெள்ளம் வடிந்து மார்கழி பிறந்தபோது தெருவில் வாந்திபேதி வந்தது. இரண்டு பேரைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அவர்கள் படுத்திருந்த துணிகளை நேற்று வாய்க்காலில் அலசியதை அற்புதம்மாள் தன் கண்ணால் பார்த்திருந்தாள்.

"அந்தத் தண்ணி வேண்டாம்மா. காலரா வந்துடும். இல்லேன்னா நல்லாக் கொதிக்க வச்சாவது குடிங்க."

"மழையில விறகெல்லாம் ஊறிக் கெடக்கு. சோறாக்கவே வழியில்ல, தண்ணியக் கொதிக்க வைக்கச் சொல்றீங்க." ரெங்கம்மாள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அற்புதம்மாளை அதிகம் உறுத்தியது.

அதற்குள் நகராட்சித் துப்புரவுப் பணியாளர் வீரமலையும் பஞ்சாயத்து கிளார்க் அழகிரியும் கிணற்றடிக்கு வந்துவிட்டார்கள்.

"நான் விடியக்காலம் வந்து போட்டேன்" என்றார் அழகிரி. "நகராட்சியில கையை விரிச்சுட்டாங்கன்னு நீங்கதானே நர்சம்மா சொன்னீங்க?"

வீரமலை அவரை ஏற இறங்கப் பார்த்தார். "என்கிட்ட பஞ்சாயத்துல முடியாதுன்னுட்டாங்கன்னு சொன்னாங்க. ராத்திரி போறதுக்கு முன்னாடியே நான் போட்டுட்டேனுங்க. கொஞ்சம் தாராளமாவே போட்டேன்."

"நானும் தாராளமாத்தான்யா போட்டேன். நகராட்சிக்குக் கொறஞ்சவங்களா நாங்க?"

அற்புதம்மாளுக்கு முகம் சுண்டிவிட்டது. இருவரிடமும் தனித்தனியாகப் போய், எதிர்ப்பக்கம் மறுத்துவிட்டதாகச் சொன்னது அவள்தான். யாரும் மறுக்கவில்லை. அவள் யாரையும் கேட்கவே இல்லை. இப்படிச் சொன்னால்தான் ரோஷம் வந்து செய்வார்கள் என்று நினைத்தாள். நல்ல காரியத்துக்குத்தானே என்று மனதைச் சமாதானப்படுத்தியும் இருந்தாள். இருவருமே செய்துவிடுவார்கள் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை.

நாளைக்குள் வாடை அடங்கிவிடும். ஆனால் இன்றைக்கு எதைக் குடிப்பார்கள்?

"நான் ஸ்ரீரங்கம் போய்த் தண்ணி லாரி கேட்டுட்டு வரேன். வர்ற வரைக்கும் யாரையும் வாய்க்காலுக்கு விடாதீங்க. ரெண்டு பேரும் சேர்ந்து நில்லுங்க."

வைகுண்ட ஏகாதசிக்கு இன்னும் சில நாள்தான். சுற்றுவட்டாரத்துத் தடுப்பூசி, லாரி, ஆட்கள் எல்லாம் ஸ்ரீரங்கத்துக்குப் போயிருந்தன. ஜங்ஷனில் மாறி ஏறிய ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் நிற்க இடமில்லை. காவிரிப் பாலத்தில் வண்டி ஊர்ந்தது. அவள் ஜபமாலையை உருட்டினாள். மனம் மந்திரத்தில் நிற்காமல் வாய்க்கால் கரைக்கே ஓடியது. இந்நேரம் யார் குடத்தை முக்குகிறார்களோ.

ஸ்ரீரங்கத்துச் சுகாதார முகாம் அதிகாரி கெட்டவரில்லை. தூக்கமில்லாதவர். "அதுல ஒரு தெரு பஞ்சாயத்து. நகராட்சி எல்லைக்கு வெளியே லாரியை எப்படிம்மா அனுப்பறது? இங்கேயே பத்தலை. அதோ நிக்குதே, அது தண்ணீர்ப் பந்தலுக்குன்னு ஒதுக்கினது."

வடக்குச் சித்திரை வீதியில் அந்த லாரி பந்தல் அண்டாக்களை நிரப்பத் தயாராக நின்றது. பந்தலை நடத்திய ரங்கநாயகி மாமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு டிரைவர் கிளமென்ட்டை விரட்டிக்கொண்டிருந்தாள். அற்புதம்மாள் அவளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். தான் சொன்ன பொய்யையும் சேர்த்துத்தான் சொன்னாள். அதை விட்டுவிட்டுச் சொல்ல வாய் வரவில்லை.

மாமி டிரைவரை விட்டுவிட்டாள். நேரே அதிகாரியிடம் நடந்தாள்.

"ஏன் சார், இந்த லாரித் தண்ணி எங்க பந்தலுக்குத்தானே?"

"ஆமாம் மாமி."

"எங்களுக்குன்னு குடுத்ததை நாங்க யாருக்குக் குடுத்தா என்ன?"

"அப்ப இங்க வர்றவங்களுக்கு?"

"எங்காத்துக் கிணறு வத்திப் போயிடலையே. நாங்க இறைச்சு ஊத்திக்கறோம். பெருமாளைச் சேவிக்க வரவாளுக்கு நாங்க கைவலிக்க இறைச்ச தண்ணி கசக்குமா என்ன?" பின்னால் நின்ற பந்தல் பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். "பேசிண்டு நிக்காதேங்கோடி. கயிறை எடுங்கோ."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மதியத்துக்குள்ள வண்டி இங்க இருக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

கிளமென்ட் வேகமாகத்தான் ஓட்டினான். அற்புதம்மாளுக்கு அது போதவில்லை. தோப்புப்பட்டிக்குள் லாரி நுழைந்ததும் நிற்கும் முன்பே இறங்கினாள். வாய்க்கால் பாதையில் அழகிரி மட்டும் நின்றிருந்தார். வேட்டியெல்லாம் சேறு.

"எல்லாரையும் நிறுத்திட்டோம். ரெங்கம்மா மட்டும் வேலியைச் சுத்திப் போய் மொண்டுட்டு வந்துடுச்சு. வீரமலை பின்னாலேயே போயிருக்காரு."

அவள் ஓடினாள். ரெங்கம்மாள் வீட்டு வாசலில் வாய்க்கால் தண்ணீர்க் குடம் ததும்ப ததும்ப இருந்தது. உள்ளே அவள் பிள்ளை லோட்டாவிலிருந்து எதையோ மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டிருந்தான். அற்புதம்மாள் லோட்டாவைப் பிடுங்கப் போனாள்.

"பதறாதீங்கம்மா" என்றார் வாசலோரம் குந்தியிருந்த வீரமலை. அவர் பக்கத்தில் தூக்குவாளி திறந்து கிடந்தது. "என் நீராகாரம்தான். எங்க வீட்டுக் குழாய்த் தண்ணி. புள்ளை தாகத்துல அழுதுச்சு."

வேறொரு நாளாக இருந்தால் துப்புரவுக்காரர் பாத்திரத்திலிருந்து ரெங்கம்மாள் எதையும் வாங்கியிருக்க மாட்டாள். அது அங்கிருந்த மூன்று பேருக்கும் தெரியும். ரெங்கம்மாள் வாய்க்கால் குடத்தைத் தூக்கிச் சாக்கடையில் கவிழ்த்தாள். "மத்தியானத்துக்கு நீங்க என்ன சாப்பிடுவீங்க? நம்ம வீட்டுல சாப்பிட்டுப் போங்க" என்று தலையைக் குனிந்தபடியே சொல்லிவிட்டு, வெறுங்குடத்தோடு லாரிக்கு நடந்தாள்.

இரண்டு தெருக் குடங்களும் ஒரே வரிசையில் நின்றன. கூச்சல், தள்ளுமுள்ளு எல்லாம் இருந்தது. ஆனால் தண்ணீர் நல்ல தண்ணீர். அற்புதம்மாள் அழகிரியையும் வீரமலையையும் ஓரமாக அழைத்தாள்.

"ரெண்டு பேருகிட்டயும் நான் பொய் சொல்லிட்டேன். யாரும் முடியாதுன்னு சொல்லலை."

"காலையில பேசிக்கிட்டு நின்னப்பவே தெரிஞ்சுபோச்சு" என்றார் அழகிரி. "முதல்ல ஒங்களத் திட்டினோம். அப்புறம் எங்களையே திட்டிக்கிட்டோம். பக்கத்துப் பக்கத்துல இத்தனை வருஷமா இருக்கோம், ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டதில்லை."

"இனிமே ஒரு வாரம் அவரு, ஒரு வாரம் நானுங்க" என்றார் வீரமலை. "போட்டதும் அவருக்குச் சொல்லிவிடுவேன். எங்க இன்ஸ்பெக்டர்கிட்டயும் கேட்டுக்கணும்."

"எங்க தலைவர் ஒத்துக்குவாரு. ஒத்துக்கலைன்னா நம்ம நர்சம்மாவை விட்டு ஏதாவது சொல்லச் சொல்லுவோம்."

அற்புதம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் மறுபடி பரபரப்புத் தொற்றிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் இருக்கும் இரண்டு பேர் எப்படி இருக்கிறார்களோ. அலசிய துணியை யார் யார் தொட்டார்களோ. நாளைக்கு வீடு வீடாகப் போகவேண்டும். கிளமென்ட் ஹாரனை அடித்தான். லாரி காலியாகிவிட்டது. வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது.

"நீங்க எதுக்கு நர்சம்மா திரும்ப ஸ்ரீரங்கம் போறீங்க?" என்றாள் ரெங்கம்மாள், தலையில் குடத்தோடு.

"அங்க பந்தலுக்குத் தண்ணி இறைச்சுக்கிட்டு இருப்பாங்கம்மா. கை மாத்த ஆள் வேணும்" என்று சொல்லிக்கொண்டே அவள் கிளமென்ட்டின் பக்கத்தில் ஏறி, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.