ஏற்றம் நீக்கு

செவலை மாடு வந்து ஆறு நாளாகியும் ஒரு சொம்புப் பால் உருப்படியாகக் கறந்தபாடில்லை. கன்று முட்டினால் பாலை இறக்கிவிடும். கன்றை இழுத்துக் கட்டிவிட்டு அகிலாண்டம் காம்பில் கை வைத்த மாத்திரத்தில் அடக்கிக்கொள்ளும். அரை மணி நேரம் குந்தி உட்கார்ந்து பீய்ச்சினால் சொம்பின் அடி நனையும், அவ்வளவுதான். மாடோ தனக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லாததுபோல் அசைபோட்டுக்கொண்டு நிற்கும். அந்தச் சாந்தமான முகத்தைப் பார்க்கும்போதுதான் அகிலாண்டத்துக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

கீழ்வேளூரிலிருந்து மாட்டு டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். "மடியில ஒரு கோளாறும் இல்லம்மா. இடம் மாறுன ஏக்கம்தான். எவனாவது ஊசி போட்டுக் கறக்கலாம்னு சொன்னா மட்டும் கேட்டுறாதீங்க" என்றார். ஏக்கத்துக்கு மருந்து எழுதித் தரச் சொல்லிக் கேட்கவா முடியும்?

மாட்டை ஒரத்தநாட்டுப் பக்கம் இராஜாங்கம் என்பவர் வீட்டில் வாங்கியது. நாலு மாடு காட்டினார். அவள் புருஷன் பஞ்சநதம் பல்லைப் பார்த்து, சுழியைப் பார்த்து வேறொரு கறுப்பு மாட்டைக் கைகாட்டினான். அகிலாண்டம்தான், "எனக்கு இந்தச் செவலைதான் வேணும்" என்று நின்றாள். நாற்பத்து மூன்று வயதில் அவள் வாயிலிருந்து வந்த முதல் 'வேணும்' அது என்று சொன்னால் மிகையில்லை. கல்யாணம் அப்பா பார்த்தது. வீடு மாமனார் கட்டியது. மகளுக்குத் தர்ஷினி என்று பெயர் வைத்தது நாத்தனார். புடவைகூட யாராவது எடுத்துக் கொடுப்பதைத்தான் கட்டிக்கொண்டிருந்தாள். அப்படிப்பட்டவள் வாய் திறந்து கேட்டது இந்த மாடு. அது இப்படிப் பெயரைக் கெடுக்கிறது.

பகல் பன்னிரண்டு மணிக்குப் பஞ்சநதம் போன் செய்தான். அவன் பட்டுக்கோட்டையில் தேங்காய் லாரி ஓட்டுகிறவன். போனால் மூன்று நாள் நான்கு நாள் கழித்துத்தான் வருவான்.

"கறந்தியா?"

"ம்... கொஞ்சம்."

"கொஞ்சம்னா எவ்வளவு? காபிக்கு ஆவுமா?"

அவள் காலிச் சொம்பைப் பார்த்தாள்.

"இந்தா பாரு, ஒரு வாரத்துக்குள்ள ஒத்துவரலன்னா திருப்பி விட்டுடலாம்னு இராஜாங்கம் சொல்லியிருக்காரு. நாளையோட கெடு முடியுது. இங்க நம்ம ஆளு ஒருத்தரோட குட்டியானை வண்டி காலியா வருது. அஞ்சு மணிக்கு வந்துடுவேன். மாட்டையும் கன்னையும் ஏத்திடுவோம். அந்தக் கறுப்பைப் புடிச்சிட்டு வந்துடலாம்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவளும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பாள். அவன் ரொம்பப் பரிவாகச் சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கொட்டகையில் போய் நின்று கொஞ்ச நேரம் அழுதாள். செவலை அவள் முந்தானையை நக்கியது.

"நக்க மட்டும் தெரியுது" என்று அதன் நெற்றியில் ஒன்று வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு இராஜாங்கத்துக்கே போன் போட்டாள். அவளிடம் இருந்தது பட்டன் போன். பேசுவதற்கு ஆகும், வேறு ஒன்றுக்கும் ஆகாது.

"அண்ணே, உங்க வீட்ல எப்படிண்ணே கறப்பீங்க? யாரு கறப்பா, எந்த நேரத்துல, என்ன தீனி வைப்பீங்க, ஒன்னு விடாம சொல்லுங்க."

"என் சம்சாரம்தான் கறக்கும் தங்கச்சி. புண்ணாக்கு, தவுடு, வேற என்ன... காலையில அஞ்சரை, சாயங்காலம் நாலு. நான் சாதகம் பண்ற நேரம்."

"என்னா நேரம்?"

"நாயனம் வாசிக்கிறவன் இல்லையா நானு? கொட்டகைக்குப் பக்கத்துல உக்காந்துதான் வாசிச்சுப் பழகுறது. கன்னுக்குட்டியா இருந்ததுலேருந்து அது கேட்டு வளந்தது." அவர் சட்டென்று நிறுத்தினார். "அடடா, தங்கச்சி! அதுவா இருக்குமோ?"

அவர் அப்போதே போனிலேயே வாசித்துக் காட்டினார். அகிலாண்டம் ஓடிப்போய் போனை மாட்டின் காதருகில் பிடித்தாள். பட்டன் போனுக்குள் நாயனம் என்றால் டப்பாவுக்குள் மாட்டிய குளவி மாதிரிதான் கேட்டது. ஆனாலும் செவலை அசைபோடுவதை நிறுத்தியது. இரண்டு காதும் நிமிர்ந்தன. பிறகு இந்த அவலத்தைக் கேட்கச் சகிக்காமல் தலையை உதறியது. இராஜாங்கம், ஒரு வரவேற்புக்கு வாசிக்கப் போக வேண்டும் என்று போனை வைத்துவிட்டார்.

அந்த இரண்டு காதுகள் போதும் அகிலாண்டத்துக்கு. நாயனம் வீட்டிலேயே இருந்தது. போன வருஷத்துக் கோயில் திருவிழாவில் மேளக்கச்சேரி முழுவதையும் தர்ஷினி பதிவு செய்து தன் பழைய லேப்டாப்பில் வைத்திருந்தாள். ஆனால் லேப்டாப்பைக் கொட்டகைக்குத் தூக்கிப் போக முடியாது. பிளக்கைப் பிடுங்கினால் அடுத்த நிமிஷமே அணைந்துவிடும், கொட்டகையில் பிளக்பாயின்ட் கிடையாது. மகளுடைய மேசை இழுப்பறையில் கைக்குள் அடங்குகிற ஒரு சின்ன பிளேயர் கிடந்தது. அதற்குள்ளேயே ஸ்பீக்கர் உண்டு. பாட்டுதான் ஒன்றுகூட இல்லை. லேப்டாப்பில் இருக்கிற நாயனத்தைப் பிளேயருக்குள் ஏற்ற வேண்டும். நாலு மணிக்கு முன்னால் ஏற்ற வேண்டும்.

இந்த லேப்டாப் ஒரு மாதிரியானது. அடிக்கடி நின்றுபோகிறது என்று தர்ஷினி அதில் லினக்ஸ் என்று எதையோ போட்டிருந்தாள். "மருந்து பேரு மாதிரி இருக்கே" என்று பஞ்சநதம் கிண்டல் செய்தான். அம்மாவும் பழகட்டும் என்று மகள் திரையில் வருவதையெல்லாம் தமிழில் மாற்றி வைத்து, கோயம்புத்தூர் விடுதிக்குக் கிளம்பும்போது ஒரே ஒரு எச்சரிக்கை சொல்லிவிட்டுப் போனாள்: "எதை வேணும்னாலும் அழுத்திப் பாரும்மா, ஒன்னும் ஆவாது. 'நீக்கு'ன்னு போட்டிருந்தா மட்டும் தொடாத. எல்லாம் அழிஞ்சுடும்."

மகளுக்குப் போன் செய்தால் அணைத்து வைத்திருந்தாள். பரீட்சை. சரி, நாமே பார்ப்போம் என்று அகிலாண்டம் பிளேயரை ஒயரால் செருகினாள். திரையின் ஓரத்தில் அது ஒரு சின்னப் படமாக வந்து உட்கார்ந்தது. அதன் மேல் அழுத்தியதும் கீழே ஒரு பட்டியல் விரிந்தது. முதலில் 'திற'. அடியில் 'ஏற்றம் நீக்கு'.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏற்றினதையெல்லாம் நீக்கு என்றால் அழித்துவிடு என்றுதானே அர்த்தம்? இந்த வார்த்தையைக் கொண்டுபோய் அங்கே வைத்த புண்ணியவான் யாரோ, கொட்டகையில் மாடு வைத்திருக்கிற பெண்பிள்ளையை அவர் நினைத்துப் பார்க்கவில்லை. அகிலாண்டம் சுட்டியை அந்தப் பக்கமே போகவிடாமல், சாணியைச் சுற்றி நடப்பதுபோல் சுற்றிக்கொண்டு 'திற'வுக்குப் போனாள்.

திருவிழாப் பதிவு பதினோரு துண்டாக இருந்தது. எல்லாவற்றையும் இழுத்துப் பிளேயருக்குள் போட்டாள். பச்சைக் கோடு சரசரவென்று ஓடியது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்புவதற்குள் நூறு சதவீதம். இவ்வளவுதானா! ஒயரைப் பிடுங்கிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினாள்.

நாயனம் நாலு நொடி கேட்டது. பிறகு ஒரு விக்கல். பிறகு மயான அமைதி. செவலை நிமிர்த்திய காதைத் தொங்கப்போட்டுக்கொண்டது.

மறுபடி வந்து செருகினாள், இழுத்துப் போட்டாள், நூறு சதவீதம் வந்தது, பிடுங்கினாள். இந்தத் தடவை அந்த நாலு நொடியும் இல்லை. பிளேயரில் பெயர்களுக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாக வந்தது. கெட்டுப்போனது பிளேயரா, லேப்டாப்பா, தன் நேரமா என்று அவளுக்குத் தெரியவில்லை. நூறு என்று காட்டிவிட்டு ஒன்றும் கொடுக்காமல் இருக்க இந்த வீட்டில் மாடு ஒன்று போதாதா?

மூன்றாவது தடவையும் இழுத்துப் போட்டாள். பச்சைக் கோடு வழக்கம்போல் ஓடி நூறில் நின்றது. மணி மூன்றரை. கறுப்பு மாடு வந்து செவலை நின்ற இடத்தில் நிற்பது கண்முன் தெரிந்தது. பஞ்சநதம் ஒரு வார்த்தை குத்திப் பேச மாட்டான். இனி எதை வாங்கினாலும் அவளைக் கேட்கவும் மாட்டான். அவளுக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம்.

"அழிஞ்சு தொலை. அழியறதாவது என் கையால அழி" என்று சத்தமாகவே சொல்லிவிட்டு, 'ஏற்றம் நீக்கு' மேல் ஓங்கி ஒரு அழுத்து அழுத்தினாள்.

ஒன்றும் அழியவில்லை. மேலே ஒரு கட்டம் வந்தது. 'சாதனத்தில் தரவு எழுதப்படுகிறது. எடுக்க வேண்டாம்.'

எழுதப்படுகிறதா? அதுதான் நூறு சதவீதம் எழுதியாகிவிட்டதே? பிளேயரின் நெற்றியில் ஒரு பொட்டு விளக்கு மினுக்கு மினுக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. முதல் இரண்டு தடவையும் அது அடித்திருக்கும், அவள்தான் பார்க்கவில்லை. பிடுங்கப் போன கையை அப்படியே மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அடக் கடவுளே, கடைமடைக்காரிக்கா இது தெரியாமல் போயிற்று! மேட்டூரில் திறந்துவிட்டதாக டிவியில் சொல்கிறார்கள், பூத்தூவுகிறார்கள், கல்லணையிலும் திறந்தாகிவிட்டது என்கிறார்கள். அதைக் கேட்டு இந்த ஊரில் எவனாவது அன்றைக்கே நாற்று விட்டிருக்கிறானா? திறந்த கணக்கு அங்கே முடிந்துவிடும். ஆறாக ஓடி, வாய்க்காலாகப் பிரிந்து, இவர்கள் வயலில் தண்ணீர் ஏற இன்னும் பத்து நாளோ பதினைந்து நாளோ ஆகும். நூறு சதவீதம் என்று லேப்டாப் சொன்னது மேட்டூர்க் கணக்கு. பிளேயர் அல்லவா கடைமடை! தண்ணீர் பாதி வழியில் வந்துகொண்டிருக்கும்போது அவளே இரண்டு தடவை மதகை அடைத்துவிட்டு, வரவில்லை வரவில்லை என்று குதித்திருக்கிறாள்.

ஏற்றினதை அழிப்பதில்லை இந்த 'ஏற்றம் நீக்கு'. ஏற்றுகிற வேலையை ஒழுங்காக முடித்துவிட்டுப் பிடியை விடு என்பதுதான் அது. அகிலாண்டத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஐந்து நிமிஷம் போனது, ஏழு போனது. விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. அவள் அவசரப்படவில்லை, தண்ணீருக்குக் காத்திருப்பது அவளுக்குப் புதிதா என்ன?

விளக்கு நின்றது. 'இப்போது பாதுகாப்பாக எடுக்கலாம்' என்று வந்தது. சாமி பிரசாதத்தை வாங்குவதுபோல் இரண்டு கையாலும் எடுத்தாள்.

கொட்டகைத் தூணில் ஆணியடித்துப் பிளேயரை மாட்டினாள். நாயனம் எடுத்த எடுப்பிலேயே கணீரென்று வந்தது. பின்னால் தவில் சேர்ந்துகொண்டது, திருவிழாக் கூட்டத்தின் இரைச்சலும் கொஞ்சம் கேட்டது. நாலு நொடி தாண்டியது. ஒரு நிமிஷம் தாண்டியது. செவலை காதை நிமிர்த்தி, தூணைப் பார்த்து, மூச்சை நீளமாக ஒன்று விட்டது. அகிலாண்டம் உடனே காம்பில் கை வைக்கவில்லை. கன்றை ஊட்டவிட்டாள். பிறகு மடியை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் தடவிக்கொடுத்தபடி சும்மா உட்கார்ந்திருந்தாள். ஆறு நாளும் அவள் இந்த மாட்டையும் பிடுங்கத்தான் பிடுங்கியிருக்கிறாள்.

ஒரு பாட்டு முடிந்து அடுத்தது பாதி போனபோது மடி கனத்து இறங்குவது உள்ளங்கைக்குத் தெரிந்தது. காம்பைப் பிடித்தாள். பால் சொம்பில் சர்ரென்று விழுந்தது. சொம்பு நிறைந்தது. பக்கத்தில் கிடந்த வாளியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்து பார்வையை மறைத்தது. துடைக்கக் கை ஒழியவில்லை.

வாசலில் குட்டியானை வந்து நின்ற சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. பஞ்சநதம் கயிறும் கையுமாகக் கொட்டகைக்குள் நுழைந்து, நாயனத்தைக் கேட்டு ஒரு கணம் திகைத்து நின்றான். பிறகு வாளியைப் பார்த்தான். மாட்டைப் பார்த்தான். நுரை பொங்கிக்கொண்டிருந்த வாளியை மறுபடி பார்த்தான்.

"என்னாடி இது, கல்யாண வீடு மாதிரி?"

"பேசாதீங்க. இன்னும் வருது."

அவன் கன்றின் பக்கம் ஒதுங்கி நின்றான். கொஞ்ச நேரம் கழித்து, "வண்டிக்காரன் வெளியில நிக்கிறான்" என்றான் மெதுவாக. "மாட்டை ஏத்தறதுக்குப் பலகை எல்லாம் போட்டு வச்சிருக்கான். நான் என்னா சொல்ல?"

அகிலாண்டம் கையை நிறுத்தாமல் அவனை நிமிர்ந்து பார்த்தாள். ஆறு நாளாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு முகம் முழுக்க இருந்தது.

"ஏற்றம் நீக்குன்னு சொல்லுங்க" என்றாள்.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, வண்டியைத் திருப்பி அனுப்புவதற்கு வாசலுக்குப் போனான்.